பேட்டரி அறியாமைக்கு வீடுகள் பலியாகக் கூடாது

நகரத்து வீடுகளில் துடைப்பம் சாய்த்து வைத்திருக்கும் மூலையில் இப்போது இன்னொரு கருவியும் நிற்கிறது. வயர் இல்லாமல் ஒரே கையால் பிடித்து வீட்டைச் சுத்தம் செய்யும் கார்ட்லெஸ் வேக்குவம் கிளீனர் அது. குனிய முடியாத முதியவர்களுக்கும், மூட்டு வலியோடு வீட்டைக் கவனிக்கும் பெண்களுக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களுக்கும் அது உண்மையிலேயே பெரிய உதவி. வாங்கும்போது உறிஞ்சும் திறன் எவ்வளவு, எடை எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று கேட்கிறோம். கைப்பிடிக்குள் இருக்கும் பேட்டரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை. இந்த மௌனம் ஆபத்தானது என்று உரக்கச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்த ஆபத்து மூன்று கட்டமாக வருகிறது. எப்படிப் பராமரிப்பது என்று தெரியாததால் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய பேட்டரி ஒன்றிரண்டு ஆண்டுகளில் களைத்துவிடுகிறது. ஒரிஜினல் பேட்டரியின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத பேட்டரியை வாங்கி மாட்டுகிறோம். பழையதைக் குப்பையோடு குப்பையாகப் போடுகிறோம். முதல் கட்டத்தில் போவது நம் பணம். இரண்டாவதில் நம் வீட்டுக்குள்ளேயே தீ மூளும் வாய்ப்பு கூடுகிறது. மூன்றாவதில் அந்தத் தீயை முகம் தெரியாத ஒரு தூய்மைப் பணியாளரின் கையில் கொடுத்து அனுப்புகிறோம். மூன்றுக்கும் தொடக்கம் அறியாமை. அந்த அறியாமைக்கு வீட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

அந்தக் கைப்பிடிக்குள் இருப்பது என்ன? பெரும்பாலான கருவிகளில் ஆறு அல்லது ஏழு லித்தியம் அயனி செல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். பரவலாகப் பயன்படும் 18650 வகை செல், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சின்ன உலோக உருளை. ஒரு செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட் என்றால் ஏழுக்கு 25.2 வோல்ட். ஒவ்வொன்றும் 2.5 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டதாக இருந்தால் அந்தப் பேட்டரி தேக்கிவைக்கும் ஆற்றல் 63 வாட்-மணி. இன்றைய செல்போன் பேட்டரியைப் போல மூன்று மடங்கு இது. செல்லுக்குள் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைத்திருப்பது மிக மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அந்த முனைகள் ஊறிக்கிடப்பது எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானில்.

செல்லுக்குள் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே எதிர்முனையின் மேலுள்ள காப்புப் படிவு சிதையத் தொடங்கிவிடுகிறது. ஏறக்குறைய 130 டிகிரியில், முனைகளைப் பிரிக்கும் பாலிஎத்திலீன் படலம் உருகுகிறது. முனைகள் உள்ளேயே தொட்டுக்கொண்டால் வெப்பம் இன்னும் ஏறும். அதற்கும் மேலே போனால் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளியிடுகிறது. ஒரு செல்லில் மூண்டது பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறது. போர்வையைப் போட்டு மூடி இந்தத் தீயை அணைக்க முடியாததற்குக் காரணம், அது வெப்பத்தையும் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியையும் தானே உண்டாக்கிக்கொள்வதுதான். அதன் புகையில் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் புளோரைடும் கலந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரி, மனித வாழ்க்கையையே மாற்றிய கண்டுபிடிப்புகளில் ஒன்று. அதற்கு அடித்தளம் இட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தரமான செல், ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பாதுகாப்புச் சுற்று, பொருத்தமான சார்ஜர் ஆகிய மூன்றும் இருந்தால் தீ விபத்து அரிது. அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் என்பதே நம் கவலை.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கவலை புதிதல்ல. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின் ஸ்கூட்டர் விற்பனைக் கூடத்தில் மூண்ட தீ, மேலே இருந்த தங்கும் விடுதிக்குப் பரவி 8 உயிர்களைக் குடித்தது. அந்த ஆண்டு அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு மின் வாகன பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு இறுக்கியது. ஸ்கூட்டர் பேட்டரி பெரிது, அதன் தீயும் பெரிது. ஆனால் வேக்குவம் கிளீனரின் பேட்டரியிலும் அடிப்படையில் அதே வேதியியல்தான் இயங்குகிறது. ஸ்கூட்டரையாவது பலர் வாசலில் நிறுத்துகிறார்கள். இந்தக் கருவி நிற்பது படுக்கையறைச் சுவரோரத்தில், துணி அலமாரிக்குப் பக்கத்தில்.

முதல் கட்டமான பராமரிப்பிலிருந்து தொடங்குவோம். லித்தியம் பேட்டரியின் முதல் எதிரி வெப்பம். இந்தக் கருவிகளின் கையேடுகள் பலவற்றில் 10 டிகிரியிலிருந்து 35 அல்லது 40 டிகிரி வரையே சார்ஜ் செய்ய ஏற்ற வெப்பநிலை என்று போட்டிருக்கும். மே மாத மதியத்தில் சென்னையிலும் வேலூரிலும் திருச்சியிலும் வெளியே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. மேற்கு வெயில் அடிக்கும் பால்கனியிலும், கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள பரணிலும், அடுப்படியை ஒட்டிய சுவரிலும் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்பது அங்கே கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சார்ஜரை மாட்ட இடம் தேடும்போது பிளக் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோமே தவிர, வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை.

வெப்பத்தோடு முழுச் சார்ஜும் சேர்ந்தால் தேய்மானம் வேகமெடுக்கிறது. பேட்டரித் துறையினர் பரவலாக எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு சும்மா வைத்த லித்தியம் பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே வெப்பநிலையில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80 சதவீதம். 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது 65 சதவீதம் மட்டும். ஒருநாள்கூடப் பயன்படுத்தாமலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. வயிறு முட்டச் சாப்பிட்டவரை உச்சி வெயிலில் நிறுத்திவைப்பது போலத்தான் இதுவும். தனியாக விமானச் சரக்கில் போகும் லித்தியம் அயனி பேட்டரிகள் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஆகியிருக்கக் கூடாது என்று 2016 ஏப்ரல் முதல் சர்வதேச விதி இருக்கிறது. பேட்டரியில் தேங்கிய ஆற்றல் குறைந்தால் தீயின் வீரியமும் குறையும் என்பதே அந்த விதியின் அடிப்படை. விமானத்துக்குத் தெரிந்த இந்த உண்மை வீட்டுக்குத் தெரிய வேண்டாமா?

பயன்படுத்தும் விதத்திலும் வெப்பம் பிறக்கிறது. மேலே சொன்ன 63 வாட்-மணி பேட்டரி, குறைந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் அதிலிருந்து பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 2.5 ஆம்பியர். அதே பேட்டரியை அதிவேக ‘பூஸ்ட்’ நிலையில் எட்டு நிமிடத்தில் தீர்த்தால் மின்னோட்டம் 19 ஆம்பியரைத் தொடும். ஏழரை மடங்கு. செல்லுக்குள் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பது பள்ளிப் பாடம். அதாவது ஒவ்வொரு நொடியும் உள்ளே பிறக்கும் வெப்பம் 50 மடங்குக்கும் மேல். ஒரு கைப்பிடி அரிசி சிந்தினால் பூஸ்ட் தேவையில்லை. மெத்தைக்கும் தடித்த மிதியடிக்கும் மட்டும் அதை வைத்துக்கொண்டால், அந்தச் சிக்கனமே பேட்டரியின் ஆயுள்.

பில்டரில் தூசி அடைத்தாலும் இதே கதைதான். பல கருவிகளில் மோட்டாரைக் குளிர்விப்பதே உள்ளே போகும் காற்று. அந்த வழி அடைபட்டால் மோட்டார் சூடாகிறது. அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் பேட்டரியையும் எட்டுகிறது. உருளை பிரஷ்ஷில் தலைமுடி சுற்றிக்கொண்டால் அதைச் சுழற்ற அதிக மின்னோட்டம் இழுக்கும். வாரம் ஒருமுறை முடியை வெட்டி எடுத்து, கையேடு சொல்லும் இடைவெளியில் பில்டரைக் கழுவி, ஒருநாள் முழுக்க நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுவதும் பேட்டரிப் பராமரிப்புதான். பூஜையறையில் தூபக்கால் சாம்பலும் ஊதுவத்திச் சாம்பலும் முழுவதும் ஆறும்வரை கருவியை அங்கே கொண்டுபோகவே கூடாது. கனன்றுகொண்டிருக்கும் ஒரு சின்னக் கங்கு, காய்ந்த தூசி நிறைந்த டப்பாவுக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, காலாவதியான ஒரு யோசனையை நாம் கைவிட வேண்டும். “முழுசா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்” என்று இன்றும் பல கடைகளில் சொல்லி அனுப்புகிறார்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் இருந்த காலத்தில் அதற்கு ஓரளவு காரணம் இருந்தது. லித்தியம் அயனிக்கு அந்த யோசனை கெடுதல். ஒவ்வொரு முறையும் அடிமட்டம் வரை இறக்கினால் ஆயுள் குறையும். மிச்சம் இருக்கும்போதே சார்ஜ் போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை.

முழுவதும் இறங்கிய பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே போட்டுவைப்பது இன்னும் மோசம். ஒரு செல்லின் மின்னழுத்தம் சுமார் 2.5 வோல்ட்டுக்கும் கீழே வெகுவாக இறங்கிவிட்டால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழி செய்யும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஆசையோடு வாங்கிக் கொடுத்த கருவியை, “வீணாகிடுமே” என்று பெற்றோர் பெட்டியோடு பரணில் ஏற்றிவைக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளை வந்து எடுத்துப் பார்க்கும்போது சார்ஜ் ஏறாது. அப்படிச் செத்துப்போன பேட்டரிக்கு வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து ‘எழுப்பித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். சார்ஜ் ஏற மறுப்பது பாதுகாப்புச் சுற்று தன் கடமையைச் செய்வதாகவும் இருக்கலாம். அதைத் தாண்டிப் போவது காவல்காரனைக் கட்டிப்போடும் வேலை.

இத்தனையும் சொல்ல வேண்டிய இடம் கையேடு. அந்தக் கையேடு எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். கருவியை அன்றாடம் கையில் எடுப்பவர் பல வீடுகளில் வேலைக்கு வரும் பெண். அவருக்கு யாரும் எதையும் படித்துச் சொல்வதில்லை. பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜில் மாட்டினால் அது அவர் தவறா? சொல்லிக்கொடுக்காத நம் தவறு. தமிழ்நாட்டில் பொருளை விற்று லாபம் பார்க்கும் நிறுவனம், எச்சரிக்கையையும் தமிழில் தர வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. அது வாங்குபவரின் உரிமை.

இனி இரண்டாம் கட்டம். பேட்டரி களைத்துவிட்டது, மாற்ற வேண்டும். ஒரிஜினலின் விலை, கருவியின் விலையில் கணிசமான பங்கு. சில மாடல்களுக்கு ஒரிஜினல் கிடைப்பதே இல்லை. வெளிநாட்டில் வாங்கிய கருவி என்றால் சொல்லவே வேண்டாம். அந்த இடைவெளியில்தான் ‘அந்த மாடலுக்கு அப்படியே பொருந்தும்’ என்ற விளம்பரத்தோடு மலிவு பேட்டரிகள் நுழைகின்றன. எல்லா மாற்றுத் தயாரிப்புகளும் மோசம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எது நல்லது, எது கெட்டது என்று வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வாங்குபவருக்கு வழியில்லை.

ஜப்பான் இந்த மலிவு பேட்டரிகளின் ஆபத்தை நேரில் அனுபவித்த நாடு. கார்ட்லெஸ் வேக்குவம் கிளீனருக்கென்று இணையத்தில் விற்ற, மூல நிறுவனத்தின் தயாரிப்பல்லாத பேட்டரிகள் அங்கே பல வீடுகளில் தீப்பிடித்தன. பொருட்களின் விபத்துகளை ஆராயும் அந்நாட்டுத் தேசியத் தொழில்நுட்ப மதிப்பீட்டு நிறுவனமும், பொருளாதார, வர்த்தக, தொழில் அமைச்சகமும் மக்களுக்குத் திரும்பத் திரும்ப எச்சரிக்கை விடுத்தன. சார்ஜில் இல்லாமல் சும்மா வைத்திருந்தபோதுகூடத் தீப்பிடிக்கலாம் என்பதும் அந்த எச்சரிக்கைகளில் உண்டு.

மலிவு பேட்டரியில் எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் ஆபத்து புரியும். ஏழு செல்லும் முழுச் சார்ஜில் தலா 4.2 வோல்ட், மொத்தம் 29.4 வோல்ட். நல்ல பேட்டரியில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே பார்க்கும் சுற்று இருக்கும். விலையைக் குறைப்பதற்காக மொத்தத்தை மட்டும் பார்க்கும் சுற்றை வைத்தால் என்ன ஆகும்? ஒரு செல் பலவீனமாகி 3.6 வோல்ட்டிலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 29.4-ஐத் தொடும்வரை சார்ஜர் விடாமல் ஏற்றும். மற்ற ஆறு செல்களும் தலா 4.3 வோல்ட்டுக்குப் போய்விடும். கணக்கில் எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே ஆறு செல்கள் எல்லை மீறியிருக்கும். இதே நிலை நாள்தோறும் நீடித்தால் செல்கள் உள்ளுக்குள் சிதைகின்றன. வெளியில் பளபளக்கும் உறையும் ‘அதிகக் கொள்ளளவு’ என்ற ஸ்டிக்கரும் இதை மறைத்துவிடுகின்றன.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் செல்களும் பேட்டரிகளும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருகின்றன. ஐ.எஸ். 16046 என்ற தர அளவையின்படி சோதித்து, ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணை அதன்மேல் பொறிக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்று அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் எவரும் பார்க்கலாம். ஆனால் இணையச் சந்தையில் பேட்டரி வாங்கும்போது அந்த எண் திரையில் தெரிகிறதா? விற்பனைப் பக்கத்திலேயே அதைக் காட்டாத பேட்டரியை விற்க அனுமதிப்பது ஏன்? பொருள் தங்களுடையதல்ல, தாங்கள் இடத்தை மட்டும் கொடுப்பவர்கள் என்று இணையச் சந்தைகள் ஒதுங்கிக்கொள்ள இனியும் விடக்கூடாது. விற்பனையில் தரகு எடுப்பவருக்குப் பொறுப்பிலும் பங்கு உண்டு.

மூன்றாம் கட்டம்தான் நம்மை அதிகம் வெட்கப்பட வைக்க வேண்டியது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே பயன்படுத்திய பேட்டரிகளை வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தின. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையில் வைத்தன. மண்ணில் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தடை விதித்தன. பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டியது பயன்படுத்துவோரின் கடமை என்றும் சொல்லின. உங்கள் தெருவில் அதை எங்கே ஒப்படைப்பது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்பதே பெரும்பாலோரின் பதிலாக இருக்கும்.

அதனால் அது எங்கே போகிறது? குப்பை வண்டிக்கு. அங்கே ஹைட்ராலிக் தகடு அதை மற்றக் குப்பையோடு சேர்த்து நசுக்குகிறது. நசுங்கிய லித்தியம் செல் தீப்பிடிக்கச் சில நொடிகள் போதும். பிரிட்டனில் தீயணைப்புத் தலைவர்கள் அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே ஆண்டில் 1,200-க்கும் மேற்பட்ட பேட்டரித் தீ விபத்துகள் குப்பை வண்டிகளிலும் கழிவு நிலையங்களிலும் நடந்திருக்கின்றன. குப்பையைப் பெரும்பாலும் இயந்திரங்கள் கையாளும் நாட்டின் நிலை இது. இங்கே குப்பையைக் கையால் பிரிக்கிறார்கள். காயலான் கடைக்குப் போகும் பேட்டரியைச் செம்புக்காகவும் நிக்கலுக்காகவும் சுத்தியலால் உடைக்கிறார்கள். கையுறைகூட இல்லாத ஒருவர், தன் முகத்துக்கு எதிரே அதை உடைக்கிறார். 2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் அந்தப் பகுதியே புகையில் மூச்சுமுட்டியது. குப்பைக் கிடங்கில் ஒரு தீ என்றால் என்ன என்பதை அந்த மக்களிடம் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு, தானாகவே தீ மூட்டும் பொருளை நாம் நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

உலகம் விழித்துக்கொண்டிருக்கிறது. நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் நடந்து 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவை மின் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் சம்பந்தப்பட்டவை. அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புச் சான்று இல்லாத மின் சைக்கிளையும் பேட்டரியையும் விற்க அந்த நகரம் அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்கிறது. அந்த மாடலின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்த பிறகும் ஐந்தாண்டுக்கு மாற்று பேட்டரி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்த விதி நடைமுறைக்கு வரும் நாள் 2027 பிப்ரவரி 18. ஒரே நிறுவனம் ஐரோப்பாவில் இந்த விதிக்குக் கட்டுப்பட்டு, இந்தியாவில் கட்டுப்படாமல் இருக்க என்ன நியாயம் இருக்கிறது?

எனவே நாம் கேட்பது இவை. ஒன்று, தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு கார்ட்லெஸ் கருவியோடும் பேட்டரிப் பராமரிப்பையும் எச்சரிக்கைகளையும் சொல்லும் ஒரு பக்கத் தமிழ் அட்டை இருக்க வேண்டும். இரண்டு, மாற்று பேட்டரியை நியாயமான விலையில் குறைந்தது ஐந்தாண்டுகளுக்குத் தருவதாக நிறுவனங்கள் விற்கும்போதே எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். ஒரிஜினல் எட்டாத விலையில் இருக்கும்வரை போலியை ஒழிக்க முடியாது. மூன்று, பதிவெண் காட்டாத லித்தியம் பேட்டரியை இணையச் சந்தைகள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், மீறினால் அபராதம் சந்தைக்கும் சேர்த்து விழ வேண்டும். நான்கு, மாநகராட்சிகளும் நகராட்சிகளும் வார்டுக்கு ஒரு பேட்டரி சேகரிப்பு மையத்தை அமைத்து, அதன் முகவரியை ஒவ்வொரு குடியிருப்புக்கும் தெரிவிக்க வேண்டும். ஐந்து, தூய்மைப் பணியாளர்களுக்கு லித்தியம் பேட்டரியை அடையாளம் காணவும் தனியே வைக்கவும் பயிற்சியும், மணல் நிரப்பிய உலோகத் தொட்டியும், கையுறையும் தர வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

அரசும் நிறுவனங்களும் அசையும்வரை நாம் கைகட்டிக்கொண்டிருக்க முடியாது. இன்றே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. கருவியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றை மாட்டாதீர்கள். பயன்படுத்தி முடித்ததும் பேட்டரி ஆற அரைமணி நேரம் விட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள். வெயில் படாத, காற்றோட்டமான, பக்கத்தில் துணியும் காகிதமும் இல்லாத இடத்தைச் சார்ஜிங்குக்கு ஒதுக்குங்கள். வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியான வாசலோரத்தில் அது வேண்டாம். எல்லோரும் தூங்கும் நேரத்திலும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் சார்ஜ் போடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போவதாக இருந்தால் பாதிச் சார்ஜோடு, சார்ஜரிலிருந்து கழற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மறுபடி பாதிவரை ஏற்றுங்கள்.

பேட்டரி தன் நோயைச் சொல்லும். வழக்கத்துக்கு மாறான சூடு, உறை உப்புவது அல்லது விரிசல் விடுவது, பெயிண்ட் தின்னரைப் போன்றோ இனிப்பாகவோ வரும் வாடை, சீறும் ஒலி, திடீரென்று ஓடும் நேரம் பாதியாகக் குறைவது, கீழே விழுந்து அடிபட்டிருப்பது. இவற்றில் எது தெரிந்தாலும் அதன்பின் சார்ஜ் போடக் கூடாது. அமைதியாக இருக்கும் பேட்டரியென்றால் முனைகளை டேப்பால் ஒட்டி, மண் அல்லது மணல் போட்ட உலோகப் பாத்திரத்தில் வீட்டுக்கு வெளியே வைத்து, சேவை மையத்திலோ அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். புகையும் சீறலும் தொடங்கிவிட்டால் அதைத் தொடவே கூடாது. பாதுகாப்பாக முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீ அடங்கியது போலத் தெரிந்தாலும் மறுபடி மூளலாம், ஆகவே திரும்பி உள்ளே போகாதீர்கள். கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த விவரங்களை வீட்டில் எல்லோரோடும், முக்கியமாகக் கருவியைக் கையாளும் வேலைக்காரம்மாவோடும் பேசுங்கள். அடுக்ககச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் பேட்டரி சேகரிப்பைப் பேசுபொருளாக்கட்டும். ஆசிரியர்கள், மின்னோட்டத்தின் வெப்ப விளைவைக் கற்பிக்கும் நாளில் இந்தப் பேட்டரியையும் எடுத்துக்காட்டட்டும். தர நிர்ணய அமைவனத்தின் சென்னை அலுவலகமும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், உள்ளாட்சி அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு செயல்திட்டத்தை அறிவிக்க ஒரு பெரிய விபத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. வேலூருக்குப் பிறகுதான் மின் வாகன விதிகள் இறுகின. வீட்டுக் கருவிகளுக்கான விதிகள் இன்னொரு குடும்பத்தின் சாவுக்குப் பிறகு இறுக வேண்டியதில்லை. வெப்பம் ஏறும் மாதங்களை நாம் முன்கூட்டியே அறிவோம். அடுத்த மார்ச் பிறப்பதற்குள் தமிழ் எச்சரிக்கை அட்டையும் வார்டு சேகரிப்பு மையமும் நடைமுறைக்கு வந்தாக வேண்டும்.